ரசீதில் யார் பெயர்?

பிப்ரவரி வந்தால் பெங்களூரில் இரண்டு விஷயங்கள் நிச்சயம். சாலையோரத்துத் தபேபுயா மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும். மாதச் சம்பளக்காரர்கள் அந்த மரங்களை ஏறெடுத்தும் பார்க்காமல் ரசீது தேடி அலைவார்கள். வாடகை ரசீது, இன்ஷூரன்ஸ் ரசீது, பள்ளிக் கட்டண ரசீது. உரிய நேரத்தில் கணக்குப் பிரிவில் ஒப்படைக்காவிட்டால் மார்ச் மாதச் சம்பளத்தில் பெரிய துண்டு விழும்.

2020 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் முன்னாள் கணவரிடமிருந்து ஃபோன். விவாகரத்தாகி அப்போது மூன்று வருடம். அவரை எப்படி அழைப்பது என்பது எனக்கு இன்றுவரை தீராத இலக்கணப் பிரச்சினை. பழைய 'என்னங்க' பொருந்தாது. பெயர் சொல்லி அழைக்கவும் நாக்கு எழாது. அதனால் விளி வேற்றுமை இல்லாமலே பேசிக்கொள்கிறோம்.

"பாப்பாவோட ஸ்கூல் ஃபீஸ் ரசீதை ஸ்கேன் பண்ணி அனுப்பறியா? ஆபீஸ்ல கேக்கறாங்க."

அனுப்பினேன். அதில் யோசிக்க ஏதும் இருப்பதாகத் தோன்றவில்லை. அந்த ரசீதில் மாணவி பெயருக்குக் கீழே தந்தை பெயர்தான் அச்சாகியிருந்தது. பணம் கட்டியது நான். மொழிபெயர்ப்புக் கூலியிலிருந்து வருடத்துக்கு 84,000 ரூபாய், மூன்று தவணையாக. சேர்க்கையின்போதே பள்ளி அலுவலகத்தில் கேட்டிருந்தேன். "ஃபாதர் ஹெசரே பருத்தே மேடம்" என்றார் அங்கிருந்த பெண்மணி. அப்பா பெயர்தான் வருமாம். கம்ப்யூட்டர் அப்படி. கம்ப்யூட்டரோடு கன்னடத்திலும் சண்டை போட முடியாது, தமிழிலும் முடியாது.

அந்த வருடம் என் கணக்கைத் தாக்கல் செய்யும்போதுதான் ஆடிட்டர் கேட்டார். "குழந்தைக்கு ஃபீஸ் யார் கட்டறாங்கம்மா? உங்க அக்கவுண்ட்லேர்ந்துதானே போகுது? அப்ப ஏன் நீங்க கிளெய்ம் பண்ணலை?"

நம் நாட்டு வருமான வரியில் 'குழந்தை' என்று தனியாக ஒரு சலுகைக் கட்டம் இல்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 80சி பிரிவில், பிராவிடண்ட் ஃபண்டு, ஆயுள் காப்பீடு, வீட்டுக் கடன் அசல் இவற்றோடு ஒரே மூட்டையாக, இரண்டு குழந்தைகள் வரையிலான கல்விக் கட்டணமும் சேர்க்கப்பட்டிருந்தது. எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ஒன்றரை லட்சம் வரை கழித்துக்கொள்ளலாம். நன்கொடை, வளர்ச்சி நிதி, பஸ் கட்டணம் இதில் வராது. தாயும் தந்தையும் இருவருமே கோரலாம். ஆனால் அவரவர் கட்டிய தொகைக்குத்தான். ஒரே ரூபாயை இரண்டு பேர் கழிக்க முடியாது. 2025இல் இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு என வகுக்கப்பட்டபோது பிரிவு எண்கள்தான் மாறின.

"ரசீதுல யார் பேர் இருக்குங்கறது ரெண்டாம்பட்சம்மா. யார் கணக்குலேர்ந்து பணம் போச்சுங்கறதுதான் கேள்வி" என்றார் ஆடிட்டர்.

2021 பிப்ரவரியில் மறுபடி ஃபோன் வந்தது. இந்த முறை முடியாது என்றேன்.

அவர் கோபப்படவில்லை. அவர் கணக்கில் கெட்டிக்காரர். "நான் முப்பது பர்சென்ட்ல இருக்கேன், நீ இருபதுல இருக்கே. நான் காட்டினா 26,208 ரூபா மிச்சம். நீ காட்டினா 17,472. எதுக்கு கவர்மெண்டுக்கு விட்டுக்கொடுக்கணும்? மிச்சமாகறதுல பாதி உனக்கே தந்துடறேன்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "மாசா மாசம் பத்தாயிரம் அனுப்பறேனே, ஃபீஸும் அதுலேர்ந்துதானே போகுது?" என்றார்.

அதை முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஒரு மாதம்கூடத் தவறாமல் அனுப்புகிறவர் அவர். வங்கிக் கணக்கில் விழுந்த பிறகு எந்த ரூபாய் அரிசிக்குப் போகிறது, எந்த ரூபாய் பள்ளிக்குப் போகிறது என்று யார் அடையாளம் சொல்ல முடியும்? இருவரும் ஒரே வீட்டில் இருந்திருந்தால், அவர் சொன்னதுதான் புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று நானே ரசீதை எடுத்துக் கொடுத்திருப்பேன். ஆனால் சட்டத்தின் பார்வையில் ஜீவனாம்சம் கொடுப்பது வேறு, பள்ளிக்கூடத்துக்குக் கட்டணம் கட்டுவது வேறு. முன்னதற்கு வரிக் கழிவு கிடையாது.

சட்டம் இருக்கட்டும். நான் முடியாது என்றதற்குக் காரணம் 17,472 ரூபாய் அல்ல. அந்த ரசீதை அவருடைய அலுவலகத்தில் யாரோ ஒருவர் பார்த்து, சரிபார்த்து, 'இந்தப் பெண்ணைப் படிக்க வைப்பவர் இவர்' என்று கோப்பில் சேர்த்துவிடுவார். பள்ளியில் அவர் பெயர், அலுவலகத்தில் அவர் பெயர், வரி இலாகாவில் அவர் பெயர். காலை ஆறு மணிக்கு எழுந்து தோசை வார்த்து, ஷூ தேடிக் கொடுத்து, ராத்திரி பதினொன்றுக்கு மொழிபெயர்ப்பை முடித்து அனுப்புகிற ஒருத்தி எந்தத் தாளிலும் இருக்க மாட்டாள்.

இந்தக் கோபம் எனக்குப் புதிதல்ல. எங்கள் அம்மாவிடமிருந்து வந்தது.

1992இல் எனக்குப் பத்து வயது. அல்சூரில் குடியிருந்தோம். அப்பா மஸ்கட்டில். அம்மா வீட்டில் தையல் வேலை பார்த்தாள். சீட்டு எடுத்த பணம் 5,000 ரூபாயை என் பெயரில் வங்கியில் போட்டு வைக்கலாம் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். கவுண்டரில் இருந்தவர் படிவத்தைப் புரட்டிவிட்டு, "ஏம்மா, வீட்டுக்காரர் வரலையா? மைனர் அக்கவுண்டுன்னா அப்பா கையெழுத்துப் போடணும்" என்றார். அப்பா வெளிநாட்டில் என்றாள் அம்மா. "அப்ப தபால்ல அனுப்பி வாங்கிட்டு வாங்க."

அனுப்பினாள். ஒன்றரை மாதம் கழித்துப் படிவம் திரும்பி வந்தது. இரண்டு வருடமாக என் முகத்தைப் பார்க்காத மனிதர் காப்பாளர் என்ற இடத்தில் கையெழுத்திட்டிருந்தார். பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்திருந்தவளுக்கு அந்தத் தாளில் இடமே இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், சிறார் பெயரில் தாயைக் காப்பாளராக வைத்துச் சேமிப்புக் கணக்கும் வைப்புக் கணக்கும் தொடங்க வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 1976 டிசம்பரிலேயே அனுமதி தந்துவிட்டது. அந்தச் செய்தி அல்சூர் கவுண்டர்வரை வந்து சேரப் பதினாறு வருடம் போதவில்லை. அதைவிட வேடிக்கை, அதே ரிசர்வ் வங்கி 1984இல் வேறொரு தாயிடம் இதே கேள்வியைக் கேட்டது.

அந்தத் தாய் கோயம்புத்தூரில் பிறந்த ஆங்கில எழுத்தாளர் கீதா ஹரிஹரன். அவரும் அவர் கணவரும் சேர்ந்தே ரிசர்வ் வங்கிக்கு எழுதினார்கள்: எங்கள் மகன் பெயரில் 9 சதவீத நிவாரணப் பத்திரம் வேண்டும், இந்த முதலீட்டுக்குத் தாயே காப்பாளராக இருக்க வேண்டும் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம் என்று. தந்தை கையெழுத்திட்டு அனுப்புங்கள், அல்லது தாய்தான் காப்பாளர் என்று உரிய அதிகாரியிடம் சான்று வாங்கி வாருங்கள் என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. கணவனுக்கும் மனைவிக்கும் இடையே தகராறே இல்லை. ஆனாலும் சட்டம் குறுக்கே நின்றது. 1956ஆம் ஆண்டு இந்து சிறார் மற்றும் காப்பாளர் சட்டத்தின் ஆறாவது பிரிவு, இயற்கைக் காப்பாளர் யார் என்ற கேள்விக்கு, தந்தை, அவருக்குப் பிறகு தாய் என்று பதில் சொல்கிறது.

வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. விஞ்ஞானி வந்தனா சிவாவின் மனுவும் அதனுடன் சேர்த்து விசாரிக்கப்பட்டது. அங்கே தகராறு நிஜமாகவே இருந்தது. மகனுக்கு இயற்கைக் காப்பாளர் தான் மட்டுமே என்று பிரிந்த கணவர் சொல்லிக்கொண்டிருந்தார். 1999 பிப்ரவரி 17 அன்று தலைமை நீதிபதி ஏ.எஸ். ஆனந்த், நீதிபதிகள் எம். சீனிவாசன், யு.சி. பானர்ஜி ஆகியோர் தீர்ப்பளித்தார்கள். இதுவும் ஒரு பிப்ரவரிதான்.

நான் அப்போது இளங்கலை தமிழ் முதலாண்டு. செய்தியைப் படித்துவிட்டு எனக்கு முதலில் தோன்றியது சட்டம் பற்றியதல்ல, சொல் பற்றியது. தகராறெல்லாம் 'பிறகு' என்ற ஒரு சொல்லில் இருந்தது. தமிழில் 'அவருக்குப் பிறகு' என்று சொல்லிப் பாருங்கள்; உடனே ஒரு மாலை போட்ட படம் கண்ணில் வரும். சட்டத்தையும் எல்லாரும் அப்படித்தான் படித்திருந்தார்கள். தந்தை உயிரோடு இருக்கும்வரை தாய்க்கு இடமில்லை. உச்ச நீதிமன்றம் அந்தச் சொல்லுக்கு 'அவர் இல்லாதபோது' என்று பொருள் கொண்டது. ஊரில் இல்லாவிட்டாலும் இல்லைதான். நோயில் கிடந்தாலும், குழந்தையைத் திரும்பியே பார்க்காவிட்டாலும், தாயிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டாலும் இல்லைதான். நம் வீடுகளில் "அவர் இல்லீங்க" என்று வாசலில் சொல்வோமே, அந்த 'இல்லை'.

அந்தப் பத்திரிகைத் துண்டை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "ஏழு வருஷம் முன்னாடி சொல்லியிருந்தா ஸ்டாம்ப் செலவு மிச்சமாயிருக்கும்" என்றாள்.

ஒன்று சொல்ல வேண்டும். தீர்ப்பு தாயைத் தந்தைக்குச் சமமாக நிறுத்திவிடவில்லை. தந்தை முன்னால் இருக்கும்போது அவர் முன்னால்தான். சட்டப் புத்தகத்தில் அந்த வரியைத் திருத்தி இருவரையும் சமமாக்க வேண்டும் என்று சட்ட ஆணையம் 2015இல் பரிந்துரைத்தது. தீர்ப்பு வந்து கால் நூற்றாண்டு கழிந்த பிறகும் வரி அப்படியேதான் இருந்தது. மாறியதெல்லாம் விளிம்புகளில். மணமாகாத தாய் குழந்தையின் தந்தை பெயரை வெளியிடாமலே காப்பாளர் உரிமை கோரலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும் என்று 2016 டிசம்பரில் அறிவித்தார்கள். தாய் தனியாக வளர்க்கும் பிள்ளைக்கு பான் கார்டில் தந்தை பெயர் கட்டாயமில்லை என்று 2018 டிசம்பரில் விதி வந்தது. ஒவ்வொரு தாளாக, ஒவ்வொரு கட்டமாகத்தான் அம்மாக்கள் உள்ளே வந்திருக்கிறார்கள்.

என் கதைக்குத் திரும்புகிறேன். 2022இல் இன்னொரு கணக்கு வந்தது. அம்மா காலமாவதற்கு முன்பு பேத்தி பெயரில் இரண்டு லட்சம் ரூபாய் வைப்பு போட்டிருந்தாள். இந்த முறை படிவத்தில் காப்பாளர் நான். வருட வட்டி 13,000 ரூபாய். "இதை யார் கணக்குல சேர்க்கறது?" என்றார் ஆடிட்டர்.

1992 பட்ஜெட்டுக்கு முன்பு வசதியுள்ளவர்கள் குழந்தைகள் பெயரில் பணத்தைப் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு குழந்தையையும் ஒரு தனி வரிதாரராக்கி வரியைக் குறைத்துக்கொள்வது சாதாரணம். தொட்டிலில் கிடக்கும் பங்குதாரர்கள் அநேகம் பேர். ராஜா செல்லையா தலைமையிலான வரிச் சீர்திருத்தக் குழு இதை நிறுத்தச் சொன்னது. மன்மோகன் சிங் நிறுத்தினார். அதுமுதல் சிறாரின் வருமானம் பெற்றோரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேரும். குழந்தைக்கு 1,500 ரூபாய் மட்டும் கழிவு. அந்தத் தொகை பல பத்தாண்டுகள் அசையவே இல்லை. ஆனால் திருமண உறவு இல்லாதபோது? அதற்கும் அந்தப் பிரிவில் விடை இருக்கிறது: அந்த வருடம் குழந்தையைப் பராமரிப்பவர் யாரோ, அவர் கணக்கில்.

எனக்கு இது தெரியும். இருந்தாலும் அவரை ஃபோனில் கேட்டேன். கேட்டுப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

"அது எப்படி என் கணக்குல வரும்? நீதானே வளர்க்கறே" என்றார், ஒரு நொடிகூடத் தாமதிக்காமல்.

சிரிப்பு வந்துவிட்டது. கழிவு என்றால் படிக்க வைப்பவர் அவர். வருமானம் என்றால் வளர்ப்பவள் நான். அவரை மட்டும் சொல்வானேன்? 'முப்பது பர்சென்ட்காரர் கட்டட்டுமே' என்று நானும் ஒரு நிமிடம் நினைக்காமல் இல்லை. சலுகை வரும்போது குழந்தை இரண்டு பேருக்கும் சொந்தம். சுமை வரும்போது ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம்.

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. அமெரிக்காவில் குழந்தையைச் சார்ந்திருப்பவராகக் காட்டினால் வரியில் நேரடிச் சலுகை உண்டு. என்னோடு படித்த தோழி ஒருத்தி நியூ ஜெர்சியில் இருக்கிறாள், விவாகரத்தானவள். "இங்கே ராத்திரியை எண்ணுவாங்கடி" என்றாள். பிள்ளை வருடத்தில் யார் வீட்டில் அதிக இரவுகள் தூங்கியதோ, அவருக்கே முதல் உரிமை. இரவுகள் சமமாக இருந்தால் வருமானம் அதிகமுள்ளவருக்கு. 365 ஒற்றைப்படை எண் என்பதால் பொதுவாக ஒரு ராத்திரி தீர்ப்புச் சொல்லிவிடும். லீப் வருடத்தில்தான் சிக்கல். உரிமை உள்ளவர் விரும்பினால் அதற்கென்றே இருக்கும் ஒரு படிவத்தில் கையெழுத்திட்டு மற்றவருக்கு விட்டுக்கொடுக்கலாம்.

அங்கே இன்னொன்றும் நடந்தது. குழந்தை பெயரை எழுதினால் போதும் என்ற காலம் போய், 1986ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தச் சட்டத்தின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சமூகப் பாதுகாப்பு எண்ணையும் எழுத வேண்டும் என்று வந்தது. 1987ஆம் ஆண்டுக்கான கணக்குகளில் சுமார் 70 லட்சம் பிள்ளைகளைக் காணோம். பிறக்காத பிள்ளைகள் இருந்தார்கள். வளர்ப்பு நாய்கள் இருந்தன. பிரிந்த தாயும் தந்தையும் தனித்தனியாகக் காட்டிய ஒரே பிள்ளையும் இருந்தது.

இரவுகளை எண்ணுவது முதலில் எனக்கு அற்பமாகப் பட்டது. பிறகு யோசித்தால், அந்தக் கேள்வி பரவாயில்லை. யாருடைய பிள்ளை என்று அது கேட்கவில்லை. பிள்ளை எங்கே தூங்குகிறது என்று கேட்கிறது. நம் சட்டத்தின் 'பராமரிப்பவர் யார்' என்பதும் அதே ரகக் கேள்விதான். ஜுரம் வந்த ராத்திரி நெற்றியில் ஈரத்துணி போட்டது யார் என்று வரிச் சட்டமாவது சுற்றிவளைத்துக் கேட்கிறது. காப்பாளர் சட்டம் அதைக் கேட்க உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

குடும்ப நல வழக்குகளுக்காகத் தமிழ்ப் பெண்களின் தாள்களை அவ்வப்போது மொழிபெயர்த்துத் தருகிறேன். அதில் எனக்குப் பிடிபடாத சொல் ஒன்று உண்டு. சார்ந்திருப்பவர் என்பதைக் கன்னடத்தில் 'அவலம்பித' என்பார்கள். பற்றிக்கொண்டு நிற்பவர் என்று பொருள். தமிழ்க் காதில் அது அவலமாகத்தான் விழுகிறது. தாள்களில் அந்தச் சொல்லுக்கு நேரே குழந்தைகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். சில தாள்களில் அம்மாவின் பெயரும் அதே வரிசையில், வயதோடு. சம்பாதிக்கிற அம்மாவாக இருந்தாலும் பழக்கதோஷத்தில் எழுதிவிடுகிறார்கள். அப்படி ஒன்றைப் பார்த்து ஒரு அம்மாள், "நான் யாரைச் சார்ந்திருக்கேன்? மூணு பேர் என்னைச் சார்ந்திருக்காங்க" என்றார். நான் மொழிபெயர்ப்பாளர், மூலத்தில் இருப்பதைத்தான் எழுத முடியும். எழுதினேன்.

அந்த வருடம் மகளின் வட்டியை என் கணக்கிலேயே சேர்த்தேன். கழிவு போக 11,500 ரூபாய்க்கு வரி 2,392. வரிப் படிவத்தில் அதற்கென்று ஓர் அட்டவணை இருக்கிறது. யாருடைய வருமானம், என்ன உறவு, எவ்வளவு. மகளின் பெயரை எழுதி, உறவு என்ற இடத்தில் மைனர் மகள் என்று நிரப்பினேன். எந்தக் கம்ப்யூட்டரும் அப்பா பெயர் கேட்கவில்லை. 2,392 ரூபாயை அவ்வளவு நிறைவாக நான் எதற்கும் செலவழித்ததில்லை.

ரசீதுச் சண்டை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். 2024 பிப்ரவரியில் அவரிடமிருந்து ஃபோன் வரவில்லை. புரிந்துகொண்டுவிட்டார் என்று நினைத்து மனம் இளகிப்போனேன். பிறகுதான் தெரிந்தது, அவர் புதிய வரி முறைக்கு மாறிவிட்டாராம். விகிதம் குறைவு, ஆனால் கல்விக் கட்டணக் கழிவு கிடையாது. 2023-24 முதல், வேண்டாம் என்று சொல்லாதவர்களுக்கெல்லாம் அதுதான். ரசீதுக்கு அங்கே மதிப்பில்லை. மூன்று வருடம் நாங்கள் இழுத்துக்கொண்டிருந்த கயிற்றை அரசாங்கமே அவிழ்த்துவிட்டது. கயிறு அவிழ்ந்ததும் இரண்டு பேரும் கொஞ்சம் தடுமாறித்தான் போனோம். இப்போதெல்லாம் அவர் ஃபோன் செய்தால் மகளின் கணக்கு மார்க்கைப் பற்றிக் கேட்கிறார். அது நல்ல மாற்றம்.

மகளுக்கு இப்போது பதினைந்து வயது. நன்றாகப் படம் வரைவாள். போன மாதம் ஒரு சிறுவர் நூலுக்கு ஐந்து படம் வரைந்து கொடுத்தாள். 2,500 ரூபாய் கூலி.

"இதையும் உன் கணக்குல காட்டணுமா?"

"வேண்டாம். நீயே உழைச்சு, உன் திறமையால சம்பாதிச்சா அது உன் வருமானம். சட்டமே அப்படித்தான் சொல்லுது."

அவளுக்கு ஒரே பெருமை. வவுச்சரில் கையெழுத்துப் போட்டாள். கீழே பெற்றோர் அல்லது காப்பாளர் கையெழுத்துக்கு ஒரு கோடு இருந்தது. பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"இங்க அப்பாவா, நீயா?"

"இப்போ பக்கத்துல யார் இருக்காங்க?" என்றேன்.

பேனாவை என் பக்கம் தள்ளினாள்.